பினாங்கில் நடந்தோம், கிள்ளானில் ஓடினோம்

கும்பகோணத்துக்காரன்:

மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். போன தடவை நாங்கள் போயிருந்தபோது நான்கு ராத்திரி கப்பல் பயணம் ஒன்று போட்டுவிட்டான். மரினா சவுத் பியர் வரை எம்ஆர்டி ரயில், இறங்கிக் கொஞ்ச தூரம் நடை, கப்பல் முனையம் வந்துவிடும். டாக்ஸி கூட வேண்டியதில்லை.

டிக்கெட்டில் அறையும் சாப்பாடும் அடக்கம். காசு கரைவது ஊர் பார்க்கிற இடத்தில்தான். ஏறிய அன்றே அறையில் ஒரு தாள் கிடந்தது. கப்பல்காரர்களே நடத்தும் மலேசியாவின் பினாங்கு நகர உலா, தலைக்கு இவ்வளவு டாலர் என்று. நாங்கள் ஐந்து பேர். மருமகள் பெருக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இந்தக் காசுக்கு நம்மூரில் கார் வைத்து நவக்கிரகம் ஒன்பதையும் ரெண்டு தடவை சுற்றிவிடலாம்" என்றாள்.

சரி, நாமே சுற்றிக்கொள்ளலாம் என்று மகன் வரைபடத்தைத் திறந்தான். பினாங்கில் கப்பல் வந்து நிற்கும் இடம் சுவெட்டன்ஹாம் பியர். அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தாத்தா ரஜூலா கப்பலில் மலாயா போனவர். 1926-இல் கட்டிய கப்பல் அது. சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். 1973 வரை ஓடியது. தாத்தாவின் கடிதங்களில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயர் அடிக்கடி வரும். அதுதான் இது என்று நினைத்துவிட்டேன். அது வேறு, இது வேறு. தாத்தா எழுதிய ஊருக்கு 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பினாங்கில் இருப்பது அதே வெள்ளைக்காரர் பெயரில் உள்ள கப்பல் துறை.

பினாங்கில் கப்பலை விட்டு இறங்கினால் அந்த ஊரின் பழைய நகரமான ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே நிற்கிறோம். வெளி கேட்டில் டாக்ஸிக்காரர்கள் அட்டையை நீட்டிக்கொண்டு சூழ்ந்துகொள்வார்கள். சிரித்துக்கொண்டே தாண்டிவிட வேண்டும். கார்ன்வாலிஸ் கோட்டை பக்கத்திலேயே. அங்கிருந்து குவீன் தெரு மாரியம்மன் கோயில் வரை, கும்பகோணம் பஸ் ஸ்டாண்டிலிருந்து மகாமகக் குளத்துக்கு நடக்கிற மாதிரிதான். 1833-இல் கட்டிய கோயில். வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா என் மனைவியின் புடவைக் கட்டைப் பார்த்ததுமே "தஞ்சாவூர்ப் பக்கமா?" என்று கேட்டுவிட்டு, ரெண்டு முழம் கேட்டதற்கு மூன்று முழம் கொடுத்தார்.

ஊருக்குள் சுற்ற கேட் (CAT) என்ற பஸ் இலவசமாகவே ஓடுகிறது. மத்தியானத்துக்கு மேல் 204-ஆம் நம்பர் பஸ் பிடித்து பினாங்கு மலை அடிவாரம் போனோம். பஸ்ஸில் சில்லறை திருப்பித் தரமாட்டார்கள், சரியாக எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். மலை ரயிலுக்கு மட்டும் வெளியூர்க்காரர்களுக்குத் தனிக் கட்டணம், அது கொஞ்சம் கையைக் கடித்தது. அதையும் சாப்பாட்டையும் சேர்த்தாலும் அந்தத் தாளில் போட்டிருந்ததில் பாதி கூட ஆகவில்லை.

இன்னொன்று: மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து நமக்கு விசா வேண்டாம். ஆனால் சிங்கப்பூரிலிருந்து வெளியே போய்த் திரும்ப வருகிறோம், இல்லையா? சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நாகூர் பாய்:

அண்ணே, சூலியா தெருப் பக்கம் போனீர்களா? அங்கே நம் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா இருக்கிறது. 1800-களின் தொடக்கத்தில் நம் பக்கத்து மரைக்காயர்கள் கட்டியது. சிங்கப்பூரில் தெலோக் ஆயர் தெருவிலும் ஒன்று உண்டு. கப்பல்காரர்களின் சுற்றுலாவில் போன என் தங்கச்சிக்கு பஸ் ஜன்னல் வழியாகக் காட்டிவிட்டு, "இடது பக்கம் பழைய இந்தியக் கட்டடம்" என்று சொல்லிக் கடந்துவிட்டார்களாம். அவள் ஊரில் தினமும் பார்க்கிற மினாரா அது! நான் போனபோது உள்ளே உட்கார்ந்து ஃபாத்திஹா ஓதிவிட்டு, பக்கத்துக் கடையில் நாசி கண்டார் சாப்பிட்டேன். நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவடிக் கம்பு. அந்தக் காலத்தில் நம் ஆட்கள் சோற்றையும் குழம்பையும் அப்படித் தூக்கி விற்றிருக்கிறார்கள். நாலு குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். தனித்தனியாகக் கேட்டால் கடைக்காரர் முகம் போகிற போக்கே வேறு.

மன்னார்குடி மாப்பிள்ளை:

பினாங்கு கதையைப் படித்துவிட்டு யாரும் கிள்ளானில் அதையே செய்துவிடாதீர்கள். சொகுசுக் கப்பல் நிற்பது இண்டா தீவில். சுற்றிலும் கன்டெய்னர்கள்தான், நடந்து போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை. நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டு, கும்பகோணத்தைப் பார்த்துவிட்டு சாயங்காலத்துக்குள் வந்துவிடு என்றால் எப்படி இருக்கும்? கோலாலம்பூர் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்.

நானும் மைத்துனர் குடும்பமும் பத்துமலை பார்த்தே தீருவது என்று கிராப் செயலியில் வாடகைக் கார் போட்டோம். போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. 272 படி ஏறி முருகனைப் பார்த்து, கீழே இறங்கி இட்லி சாப்பிடும்போது மழை பிடித்தது. திரும்புவதற்கு கார் போட்டால் ஒருவர் ஒப்புக்கொள்கிறார், துறைமுகம் என்று தெரிந்ததும் ரத்து செய்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அங்கிருந்து திரும்பி வர அவருக்கு சவாரி கிடைக்காது. ஐந்தாவது ஆள் வந்தார். நெடுஞ்சாலை முழுக்க சிவப்பு விளக்கு. மைத்துனரின் பையன் பின் சீட்டிலிருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை "கப்பல் போயிடுச்சா அத்திம்பேர்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். பாலத்தின் மேல் வரும்போது கப்பல் தெரிந்தது. என் மனைவி அழுதேவிட்டாள். ஏணியை எடுப்பதற்கு இருபது நிமிஷம் முன்னால் உள்ளே ஓடினோம்.

கப்பல் நடத்தும் சுற்றுலா பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நமக்காக நிற்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் காசில் விமானம் பிடிக்க வேண்டியதுதான். காசு மிச்சமானது உண்மை, நாலு பேர் ஒரு காரில் போனதால். இன்னொரு தடவை போனால் கிள்ளான் ஊரோடு நிறுத்திக்கொள்வேன். தெங்கு கெலானா தெருவில் லிட்டில் இந்தியா இருக்கிறது, தோசை முதல் நகைக்கடை வரை எல்லாம் உண்டு.

மாயவரம் டீச்சர்:

எனக்குக் கப்பல்காரர்களின் பஸ்ஸே சரியாக இருந்தது. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. புக்கெட்டில் கப்பல் கடலிலேயே நின்றுவிட்டது, சின்னப் படகில் மாற்றிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு மேல் அம்மாவை வைத்துக்கொண்டு வண்டி பேரம் பேச எனக்குத் தெம்பு இல்லை.

ஆனால் எங்கள் பக்கத்து அறைத் தம்பதி தனியாகப் போய் ஒரு மணி நேர வித்தியாசத்தில் தடுமாறிவிட்டார்கள். தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கரையில் கால் வைத்ததும் போன் தானாகவே அந்த ஊர் நேரத்துக்கு மாறிக்கொண்டது, கப்பலோ சிங்கப்பூர் நேரத்தில் இருந்தது. போன் மூன்று என்று காட்டினால் கப்பலில் நான்கு. கடைசிப் படகில்தான் வந்து ஏறினார்கள். சாவி கொடுக்கிற பழைய கைக்கடிகாரம் இருந்தால் கட்டிக்கொண்டு போங்கள்.

நாகை துறைமுகத் தெரு:

சிங்கப்பூர் வரை எதற்கு? நம் நாகப்பட்டினத்திலிருந்தே இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறதே. 2023 அக்டோபரில் தொடங்கி, நடுவில் நின்று, 2024 ஆகஸ்டிலிருந்து சிவகங்கை என்ற கப்பல் ஓடுகிறது. நான் போனபோது சுமார் நான்கு மணி நேரம். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். இலங்கை விசாவுக்கு முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து போன சொகுசுக் கப்பலும் இதே துறைமுகத்தைத் தொட்டிருக்கிறது. இறங்கியதும் வேன்காரர்கள் யாழ்ப்பாணம் முழுவதும் காட்டுகிறேன் என்பார்கள். நான் ஆட்டோவில் கீரிமலை போய்க் கேணியில் குளித்துவிட்டு, யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினேன். நல்லூருக்கு எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டதற்கு, "ஐயா இருங்கோ, நான் சொல்லுறன்" என்ற நடத்துநர், இறங்கும்போது கோயிலுக்குள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினார்.

கும்பகோணத்துக்காரன்:

மருமகள் இப்போதே சிவகங்கை டிக்கெட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். ரெண்டு நாள் என்றால் கீரிமலை, நல்லூர், கோட்டையோடு நயினாதீவையும் சேர்க்கலாமா ஐயா?

நாகை துறைமுகத் தெரு:

நயினாதீவுக்கு ஒரு நாள் தனியாக வையுங்கள். குறிகட்டுவான் வரை பஸ், அங்கிருந்து படகு. காலையிலேயே போய்விடுங்கள், திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள்.