பழைய காலண்டர் படத்தை அப்படியே சுவரில் மாட்டலாமா?

தகரப்பலகை: காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் இரண்டு பொருள் வாங்கினேன். ஒன்று, விளிம்பு பெயர்ந்த எனாமல் விளம்பரப் பலகை. இன்னொன்று, காலண்டர் ஓவியர் கொண்டையராஜு கையெழுத்துப் போட்ட முருகன் காலண்டர் படம். இரண்டையும் ஹாலில் ஜன்னலுக்கு எதிரே மாட்ட ஆசை. பலகை சரி, படம் வேண்டாம் என்கிறார் நண்பர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கடைசிப்பக்கம்: நண்பர் சொல்வதுதான் சரி. எனாமல் என்பது கண்ணாடித்தூளை இரும்புத் தகட்டின் மேல் 800 டிகிரி சூட்டில் உருக்கிப் படியவைப்பது. வெயிலில் நிறம் அவ்வளவு எளிதில் போகாது. பெயர்ந்த இடத்தில் துரு பரவாமல் பார்த்துக்கொண்டால் போதும். காலண்டர் தாள் அப்படியா? மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெளிச்சம் பட்டுப் பழுக்கும். அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும்தான் முதலில் வெளுக்கும். சில வருடத்தில் உங்கள் முருகன் நீலமாகிப் பெருமாள் ஆகிவிடுவார்! நல்ல ஸ்கேன் எடுத்துப் பிரதியை மாட்டுங்கள். அசலை அமிலமில்லாத உறையில் போட்டுப் படுக்கை வாட்டில் வையுங்கள்.

மச்சுவீடு: அட, மாட்டுவதற்கென்றே அச்சடித்த படம் சார் அது! கொண்டையராஜு கோவில்பட்டியில் வரைந்தார், சிவகாசியில் கட்டுக்கட்டாக அச்சானது, கடைக்காரர்கள் இலவசமாகக் கொடுத்தார்கள். அதைப் பெட்டியில் பூட்டினால் யார் பார்ப்பது? அப்புறம், பிரதி மாட்டிய சுவர் எனக்கு 'பழமை' வேஷம் போட்ட ஹோட்டலைத்தான் நினைவுபடுத்துகிறது.

கடைசிப்பக்கம்: கட்டுக்கட்டாக அச்சானதால்தான் யாரும் எடுத்து வைக்கவில்லை. வருடம் முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போனது, சாமி படம் என்று ஆற்றில் விட்டது, கரையான் தின்றது எல்லாம் போக மிச்சம் கொஞ்சம்தான். அவர் 1976-இல் மறைந்துவிட்டார். இனி அந்தத் தாள் எங்கிருந்து வரும்?

உருப்பெருக்கி: சண்டைக்கு முன்னால் அது அசலா என்று பாருங்கள். லென்ஸ் வைத்தால், கல்லில் வரைந்து அச்சடித்த பழைய கல்லச்சில் மணல் தூவியது போல ஒழுங்கில்லாத புள்ளி தெரியும். பின்னால் வந்த ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். அவர் படங்கள் ஆஃப்செட்டிலும் வந்திருக்கின்றன, அதனால் அது குறையில்லை. மை தெளித்த மாதிரி இருந்தால் நேற்று இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த நகல். எனாமல் பலகையை விரலால் தடவுங்கள், எழுத்து மேடாகத் தட்டுப்படும். பழைய பலகையில் ஆணித் துளையைச் சுற்றித்தான் முதலில் பெயரும். பலகை முழுக்க ஒரே சீராகத் துரு இருந்தால் ஆசிட் ஊற்றிப் பழையதாக்கியிருக்கலாம்.

தகரப்பலகை: பார்த்தேன். படம் ஆஃப்செட். பலகையில் எழுத்து மேடாக இருக்கிறது, துருவும் துளை ஓரத்தில்தான்.

மச்சுவீடு: அப்புறம் என்ன? ஜன்னலுக்கு எதிரே வேண்டாம், அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வெயில் எட்டாத ரேழியில் மாட்டுங்கள். கண்ணாடி தாளில் ஒட்டாமல் நடுவே அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். ஈரம் கோத்தால் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

கடைசிப்பக்கம்: ரேழியிலும் பகல் வெளிச்சம் உண்டு. மெதுவாக வெளுக்கும், அவ்வளவுதான். பலகையை ஹாலில் மாட்டட்டும், படத்துக்குப் பிரதிதான்.

மச்சுவீடு: அசல் சாமியைப் பீரோவில் வைத்துவிட்டு ஜெராக்ஸுக்கு விளக்கேற்றச் சொல்கிறீர்களா?

கடைசிப்பக்கம்: விளக்கு வேறா? அந்த எண்ணெய்ப் புகைக்கு பயந்தாவது பிரதியை மாட்டுங்கள்.