கல்லீரல் செல் சாகவில்லை, ஆனால் மருந்தைச் சிதைக்க மறுக்கிறது: உதவி தேவை

கேள்வி (டர்பன்):
வணக்கம். உறைநிலையிலிருந்து எடுத்த மனிதக் கல்லீரல் செல்களில் எச்ஐவி மருந்தான எஃபாவிரென்ஸை 14 நாள் சோதிக்க வேண்டும். கொலாஜன் பூசிய 24 குழித் தட்டு, குழிக்கு 2 லட்சம் செல், வில்லியம்ஸ் ஈ மீடியம் (செல் வளர்க்கும் திரவம்), 10% சீரம். 5ஆம் நாளிலும் கல்லீரல் செல் சுரக்கும் புரதமான அல்புமின் வருகிறது. ஆனால் சோதனை மருந்தான மிடசோலம் கொடுத்தால், அது சிதைந்து வரும் ஹைட்ராக்ஸிமிடசோலம் முதல் நாளில் வந்ததில் பத்தில் ஒரு பங்குதான். செல்களும் தட்டையாக நீண்டுவிட்டன. எங்கே தவறு?

பதில் (கேப்டவுன்):
தட்டையாகிவிட்டது என்றாலே செல் தன் குணத்தை இழக்கிறது என்று அர்த்தம். அல்புமினை நம்பி, மிடசோலத்தைச் சிதைக்கும் நொதியான சிஒய்பி3ஏ4 பற்றி முடிவுசெய்யாதீர்கள். சீரம் செல் ஒட்டும் முதல் 4–6 மணி நேரத்துக்கு மட்டும். பிறகு அடியோடு நிறுத்துங்கள். அதன் பிறகு மீடியத்தில் டெக்ஸாமெதசோன் (ஸ்டீராய்டு) 100 நானோமோலார், இன்சுலின்–டிரான்ஸ்ஃபெரின்–செலினியம் கலவை போதும். குழிக்கு 3.5 லட்சம் போடுங்கள். பக்கத்துச் செல்லைத் தொடாவிட்டால் செல்களுக்கிடையே பித்தம் ஓடும் நுண்கால்வாய் உருவாகாது. மறுநாள் தட்டை மெதுவாக ஆட்டி, செத்தவற்றைக் கழுவிவிட்டு, மேலே மேட்ரிஜெல் (கூழாக உறையும் புரதக் கலவை) மூடுங்கள்: மி.லி.க்கு 0.25 மி.கி., குழிக்கு அரை மி.லி.

கேள்வி (டர்பன்):
நன்றி அக்கா. மேட்ரிஜெல் முன்பு ஒருமுறை திட்டுத்திட்டாக உறைந்தது.

பதில் (கேப்டவுன்):
10 டிகிரியைத் தாண்டினாலே உறையத் தொடங்கும். பனிக்கட்டி வாளிக்குள் புதைத்து, வாளியோடு ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க உருகவிடுங்கள். மின்வெட்டு வந்தாலும் தாங்கும். பிப்பெட் முனை, மீடியம் எல்லாம் குளிர்ந்திருக்க வேண்டும். புரத அளவு லாட்டுக்கு லாட்டு (தயாரிப்புத் தொகுதி) மாறும், புட்டியைப் பார்த்துக் கணக்கிடுங்கள். மி.லி.க்கு 10 மி.கி. உள்ள லாட் என்றால், 24 குழிக்கு வேண்டிய 12 மி.லி.க்கு 0.3 மி.லி.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
அக்கா சொன்னது சரி. ஆனால் 14 நாளுக்கு அந்த மேட்ரிஜெல் மூடலை மட்டும் நம்ப எனக்குத் துணிவில்லை, அதிலும் நொதி மெல்ல இறங்கும். உருண்டைக் கொத்தாக வளருங்கள்: செல் ஒட்டாத வட்ட அடித் தட்டு, 96 குழி, குழிக்கு 1500 செல். கொத்து இறுக 5–7 நாளாகும். பிறகு சீரமில்லாத மீடியத்தை 2–3 நாளுக்கொருமுறை பாதி மட்டும் மாற்றுங்கள். முழுக்க உறிஞ்சினால் கொத்தே போய்விடும். பல வாரம் நொதி நிற்கும். குழிக்குச் செல் குறைவு, சிக்னலும் குறைவு என்பதால் பல குழிகளைச் சேர்த்து அளக்க நேரிடும்.

இன்னொன்று, எஃபாவிரென்ஸ் தன்னைச் சிதைக்கும் நொதியான சிஒய்பி2பி6ஐத் தானே தூண்டிவிடும். ஆகவே ஒப்பிட, மருந்தில்லாமல் கரைப்பான் மட்டும் இட்ட குழிகளையும் 14 நாள் கூடவே ஓட்டுங்கள், கரைப்பானான டிஎம்எஸ்ஓ 0.1%க்கு மேல் வேண்டாம். செல் கொடையாளரின் சிஒய்பி2பி6 516ஜி>டி மரபணு வகையையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு பிரதியிலும் ஜிக்குப் பதில் டி இருக்கும் டிடி வகை என்றால் சிதைவு இயல்பாகவே மெதுவாக இருக்கும். அதை வளர்ப்புக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.