தலைப்பிரட்டைக்கு நாலு காலும் வந்துடுச்சு, ஆனா சாப்பிட மாட்டேங்குது, ஏன்?

கேள்வி:
வத்திப்போற குட்டையிலேர்ந்து பத்து பன்னெண்டு தலைப்பிரட்டைய எடுத்து பிளாஸ்டிக் டப்ல வளர்த்துட்டு இருக்கேன். முதல்ல பின்னங்கால் வந்துச்சு, அப்புறம் ரெண்டு வாரம் ஒண்ணுமே இல்ல, நேத்து காலையில பார்த்தா ஒண்ணுக்கு ஒரே ராத்திரில முன்னங்கால் ரெண்டும் வந்து நிக்குது! ஆனா வேகவச்ச கீரை போட்டா தொடக்கூட மாட்டேங்குது, ஓரத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கு. இதே மாதிரி இருந்த இன்னொன்னு முந்தாநாள் செத்துப்போச்சு. மனசே சரியில்ல, என்ன நோயின்னு யாராவது சொல்லுங்க.

பதில் 1:
நோய் இல்லங்க, பயப்படாதீங்க. முன்னங்கால் ராத்திரியில முளைக்கல, செவுள் மேல இருக்குற தோலுக்கு அடியில இவ்ளோ நாளா வளர்ந்துட்டுதான் இருந்துச்சு, மத்ததுங்கள உத்துப் பாருங்க, தோலுக்குள்ள முழங்கை முட்டிக்கிட்டு நிக்குறது தெரியும். அது வெளிய வந்ததும் பாசி சுரண்டுற, கொம்பு மாதிரி கெட்டியான வாய் போய் அகலமான தவளை வாய் வரும், வயித்துல கொசுவத்திச் சுருள் மாதிரி இருந்த நீளக் குடல் சுருங்கி பூச்சி செரிக்கிற குட்டைக் குடலா மாறும், அந்த சில நாளைக்கு அதால சாப்பிட முடியாது. வால்தான் அதுக்கு சாப்பாடு. வால் அறுந்து விழாது, செல்லெல்லாம் தானா அழிஞ்சு சத்து உடம்புக்குள்ள போயிடும்.

பதில் 2:
செத்ததுக்கு காரணம் அனேகமா மூச்சுங்க, ஏன்னா இந்த நேரத்துல செவுள் போய் நுரையீரல்தான் வேலை செய்யுது, டப் சுவரு வழவழன்னு இருந்தா ஏற முடியாம தவிச்சு மூழ்கிடும். தவளையா ஆகப்போறது தண்ணியில மூழ்குமான்னு தோணும், நானும் அப்படி நினைச்சுதான் ரெண்ட இழந்தேன். இன்னைக்கே தண்ணிய குறைச்சு ஒரு பக்கம் கல்லை சரிவா அடுக்குங்க, மேல வலை போட்டு மூடுங்க, குட்டியூண்டு இருந்தாலும் தாவிடும். குழாய்த்தண்ணின்னா குளோரின் போக ஒரு நாள் திறந்து வச்சிட்டு ஊத்துங்க.

பதில் 3:
இது எல்லாத்தையும் நடத்துறது தைராய்டு ஹார்மோன். 1912ல குடர்நாட்ச்னு ஒரு ஆராய்ச்சியாளர் தலைப்பிரட்டைக்கு குதிரையோட தைராய்டை சாப்பிடக் கொடுத்துப் பார்த்தாரு, அதுங்க வளர வேண்டிய அளவுக்கு வளராமலே சடசடன்னு மாறி குட்டிக் குட்டி தவளையாயிடுச்சு. தைராய்டையே எடுத்துட்டா மாறாம தலைப்பிரட்டையாவே பெருசாகிட்டுப் போகும். ஒரே ஹார்மோன் காலை வளரச் சொல்லுது, வாலை அழியச் சொல்லுது, எனக்கு இன்னைக்கும் இதுதான் பெரிய அதிசயம். எல்லாம் ஒரே நாள்ல மாறலன்னு கவலைப்படாதீங்க. அமெரிக்கக் காளைத் தவளை தலைப்பிரட்டையாவே ரெண்டு வருஷம்கூட இருக்கும், பாலைவனத்துல இருக்குற மண்வெட்டிக்கால் தேரை குட்டை காயுறதுக்குள்ள ரெண்டு மூணு வாரத்துல முடிச்சிடும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. நேத்தே கல்லு வச்சேன். இப்ப அது பாதி உடம்பு தண்ணிக்கு வெளிய வச்சு உக்காந்திருக்கு, தொண்டை மட்டும் படபடன்னு துடிக்குது, வால் நேத்து இருந்ததுல பாதிதான். செத்துப்போனதுக்கும் கல்லு வச்சிருந்தா பொழைச்சிருக்கும்னு நினைச்சா கஷ்டமா இருக்கு. வால் முழுசா போனப்புறம் எங்க விடணும்?

பதில் 2:
எடுத்த அதே இடத்துல, கரையோரம் ஈரமான செடி நிழல்ல, சாயங்காலமா. வேற குளத்துல விடாதீங்க, தவளைக்கு வர்ற தோல் பூஞ்சை நோய் அப்படித்தான் பரவும்.