புதுப்பிப்பு: கொம்பி வேன் கைமாறிவிட்டது

போர்ஷே 914 காரின் எஞ்சின் போட்ட என் 1974 வொக்ஸ்வாகன் கொம்பி வேனை விற்கப்போவதாக இரண்டு மாதத்துக்கு முன் எழுதியிருந்தேன். சரி, விற்றாயிற்று.

ரேடியேட்டரை எங்கே பொருத்தினேன் என்று பலர் கேட்டிருந்தீர்கள். முதலில் அதற்குப் பதில்: ரேடியேட்டர் கிடையாது. 914-இன் 2.0 லீற்றர் எஞ்சினும் வொக்ஸ்வாகன் வழிவந்ததுதான், காற்றால் குளிர்வது. பழைய 1600 சிசி எஞ்சின் 50 குதிரைவலு, இது 100.

பார்க்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு ஓட்டம் ஓடி, படம் எடுத்துக்கொண்டு போனவர்கள். மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு ஐயா மட்டும் எஞ்சினைத் திறக்கச் சொல்லவே இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி, சில்லுகளுக்கு மேலே ஒவ்வோர் இடமாக ஒட்டிப் பார்த்தார். இடதுபக்கப் பின்சில்லுக்கு மேலே அது ஒட்டாமல் பொத்தென்று விழுந்தது.

"தம்பி, இதில தகரம் இல்லை, பட்டிதான் இருக்கு."

துருப்பிடித்த இடத்தைப் பூசி மறைக்கும் பசைதான் பட்டி, அதில் காந்தம் ஒட்டாது. பதினொரு வருடம் உப்புக்காற்றில் நின்ற வேன், என்ன சொல்ல? அந்த இடத்திலேயே விலையில் ஒன்றரை லட்சம் இறங்கியது.

அப்புறம் பதிவுப் புத்தகம். அதில் எஞ்சின் இலக்கம் பழையதாகவே கிடந்தது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்தாமல் காசு தரமாட்டேன் என்றார். நியாயம்தான், எஞ்சின் மாற்றிய கையோடு நான் செய்திருக்க வேண்டிய வேலை. அதற்கே மூன்று வாரம் இழுத்தது.

கழற்றிய 1600 எஞ்சின் இன்னும் பின்பத்தியில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. அதையும் கேட்டார். கொடுக்கவில்லை.