சமையலறையோடு வீடு எடுத்து சுவிஸ், நார்வே போனவர்கள்: சாப்பாட்டுக் கணக்கு எங்கே உதைத்தது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்

போன ஜூனில் 11 நாள் சுவிஸ். நான், மனைவி, மகள், அம்மா. இண்டர்லாக்கன் பக்கம் அடுப்போடு வீடு. விமானம், ரயில் பாஸ், வாடகை மூன்றையும் ஊரிலேயே கட்டியாகிவிட்டதால் இறுக்கிப் பிடிக்க மிச்சமிருந்தது சாப்பாடு ஒன்றுதான். நாளுக்கு 40 பிராங்க், அதற்கு மேல் ஒரு காசு இல்லை என்று நோட்டில் எழுதி வைத்தேன். ஒரு பிராங்க் 100 ரூபாய் என்று மனக்கணக்கு (நிஜத்தில் அதற்கும் மேல்). அரிசி, பருப்பு, புளி, பொடிகள் எல்லாம் இங்கிருந்தே. காய், பால், தயிர், முட்டை மட்டும் அங்கே.

இரண்டாம் நாள் கூப் கடைக்குப் போனோம். காய்கறிப் பக்கத்தில் சின்னச் சின்னத் தொட்டியில் கொத்தமல்லி. அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கூடையில் வைத்தார். விலை 3 பிராங்க் சொச்சம். "முந்நூறு ரூபாய்ம்மா, கொத்தமல்லிக்கு!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. எடுத்த இடத்திலேயே, இலை மடங்காமல் பார்த்து வைத்துவிட்டு வந்தார். எங்கள் ஊர்க் கடையில் அரைக்கிலோ தக்காளி வாங்கினால் கொசுறாகக் கிடைப்பது.

பதினோரு நாளும் கொத்தமல்லி இல்லாத ரசம். அம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அன்று சாயங்காலமே ஸ்டேஷனில் நானும் மனைவியும் காபி குடித்தோம், இரண்டுக்கும் சேர்த்து 10 பிராங்க் ஆனது. "எனக்கு வேண்டாங்கண்ணு" என்று அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பத்து பிராங்க், என் கணக்கு நோட்டில் 'இதர செலவு' என்று இருக்கிறது. வந்து இத்தனை மாதம் ஆகியும் கொத்தமல்லி நறுக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வருகிறது. உங்களுக்கு எப்படி?

மூணாறு குளிர்

எங்கள் கதை குக்கர். செர்மாட்டில் நான்கு நாள். இங்கே தினமும் புழங்கும் மூன்று லிட்டர் அலுமினியக் குக்கரைப் பெட்டியில் துணி சுற்றி எடுத்துப் போனோம். அங்கே இருந்தது இண்டக்‌ஷன் அடுப்பு. அலுமினியத்தை அது கண்டுகொள்ளவே இல்லை. மேலே வைத்தால் ஒரு குறி விட்டு விட்டு எரிகிறது, அவ்வளவுதான். அந்த வீட்டிலிருந்த எவர்சில்வர் பாத்திரத்தில் துவரம்பருப்பைப் போட்டு மூடி வைத்தோம். செர்மாட் 1,600 மீட்டர் உயரம், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர பருப்பு வேகவில்லை. கரண்டியால் நசுக்கினால் வழுக்கி ஓடுகிறது. சாம்பார் ஆகும்போது இரவு பத்தரை. பையன் ரொட்டியும் வெண்ணெயும் தின்று தூங்கியே போய்விட்டான்.

இதில் வெட்கம் என்னவென்றால், எங்கள் வீடும் கிட்டத்தட்ட 1,500 மீட்டரில்தான் இருக்கிறது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று பிறந்ததிலிருந்து தெரியும். சுவிஸ் தண்ணீர் வேறு மாதிரி கொதிக்கும் என்று நினைத்தேனோ என்னவோ. மறுநாள் கடையில் மசூர் பருப்பு வாங்கினோம். இருபது நிமிடத்தில் குழைந்துவிட்டது.

கம்பம்மெட்டு ஏலக்காய்

கறிவேப்பிலை. அவ்வளவுதான் என் கதை. ஜூரிக் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அரைக்கட்டு கறிவேப்பிலை, ஈரத்துணியில் சுற்றி மாமியார் கொடுத்தது. அந்த அதிகாரி ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார், முகத்தில் ஒரு சிரிப்பு கூட வந்தது, பிறகு குப்பைக் கூடைக்குள் போட்டார். 2020 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் பச்சை இலை, காய், பழம் எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டுமாம். விலக்கு ஐந்துக்குத்தான்: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, துரியன். ஆக, கறிவேப்பிலை போச்சு, கூடவே இருந்த நேந்திரம்பழம் தப்பித்தது.

நெய்யும் போச்சு. பாலும் இறைச்சியும் அதில் செய்ததும் வரக்கூடாது. ஆனால் மீன் கொண்டுவரலாம்! ஒரு கிலோ கருவாட்டைப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பித் தந்தார்கள். நெய்யைப் பிடித்துக் கருவாட்டை விட்ட ஊரை அன்றுதான் பார்த்தேன். (அந்தக் கருவாட்டைப் பொரித்த கதை வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் மறந்திருக்க மாட்டார்.)

நகரி மருமகள்

கொழிஞ்சாம்பாறை அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிராங்கை ரூபாயாக மாற்றிப் பார்த்த இடத்திலேயே தப்பு ஆரம்பித்துவிட்டது. அப்படி மாற்றினால் அங்கே மூச்சுவிடக்கூட முடியாது. நாளுக்கு 40 என்று வைத்தால் 40க்குள் எது வந்தாலும் சரி என்று விட்டுவிட வேண்டும். கொத்தமல்லியா, சாக்லேட்டா என்று பார்க்கக் கூடாது.

நாங்கள் போனது நார்வே, பெர்கன் பக்கம். மாற்றியே பார்க்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டது நான்தான். அதன் பலன் கேளுங்கள். ரேமா கடையில் அத்தை பழுப்பு நிறத்தில் சதுரக் கட்டி ஒன்றைப் பார்த்து, "இங்கே வெல்லம் கூடக் கிடைக்குதேடி" என்றார். அத்தைக்குப் பண்டிகையே வந்த மாதிரி சந்தோஷம். விலையைப் பார்க்காமல் போட்டுக்கொண்டோம். மறுநாள் காலை சர்க்கரைப் பொங்கல். கட்டி கரைந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அது வெல்லம் இல்லை, பாலாடைக்கட்டி. ப்ரூனோஸ்ட் என்று பெயர். பால் திரிந்த தண்ணீரைப் பழுப்பாகும்வரை சுண்டக் காய்ச்சிச் செய்கிறார்கள். இனிப்பும் உப்பும் சேர்ந்து ஒரு ருசி. அந்தக் கட்டியின் விலைக்கு ஊரில் ஐந்து கிலோ வெல்லத்துக்கு மேல் வாங்கலாம் என்று கணக்குப் போட்டது அத்தைதான். அந்தப் பொங்கலை என் இரண்டு பையன்களும் சட்டி வழித்துத் தின்றார்கள். வீட்டுக்காரர் மோந்து பார்த்ததோடு சரி.

வேலந்தாவளம் டூ பாசல்

நான் பாசலில் வேலை பார்த்து ஆறு வருடம் ஆகிறது. நீங்கள் எல்லாரும் சுவிஸ் விலையைப் பார்த்துப் பயந்த கதையைச் சொல்கிறீர்கள். சுவிஸ்காரர்களே அந்த விலைக்குப் பயந்தவர்கள்தான் என்பது யாருக்கும் தெரியவில்லை. வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை 8ஆம் எண் டிராமில் ஏறினேன். அது நேராக எல்லையைத் தாண்டி ஜெர்மனியில் வைல் அம் ரைன் என்ற ஊரில் போய் நிற்கும். 2014 கடைசியில் அங்கேவரை நீட்டினார்கள். திரும்பி வரும்போது டிராம் முழுக்கப் பைகள். எதிரே உட்கார்ந்திருந்த பாட்டி கோழிப் பொட்டலத்தை எடுத்துக் கிராம் கிராமாகக் கூட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வேலந்தாவளம் செக்போஸ்டில் பஸ்ஸுக்குள் இருக்கிற மாதிரியே இருந்தது. பெட்ரோல் தமிழ்நாட்டுப் பக்கம், வேறொன்று கேரளாப் பக்கம் என்று வளர்ந்தவனுக்கு அந்தப் பாட்டி சொந்தக்காரி மாதிரி தெரிந்தார்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். சுவிஸும் ஜெர்மனியும் ஒரே ஷெங்கன் விசாதான், ஆனால் சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அதனால் ஆளுக்குத் தடையில்லை, கொண்டுவரும் பைகளுக்கு உண்டு. இறைச்சி ஒருவருக்கு ஒரு கிலோ, அதற்கு மேல் போனால் வரி. வெண்ணெயும் ஒரு கிலோ. மொத்தச் சாமான் மதிப்பு ஒருவருக்கு 300 பிராங்க் வரை விட்டுக்கொண்டிருந்தார்கள், 2025 ஜனவரியிலிருந்து 150 ஆக்கிவிட்டார்கள். சுவிஸில் குடியிருப்பவர்கள் ஜெர்மன் கடையில் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால் ஒரு பச்சைச் சீட்டு கேட்டு வாங்கி, எல்லையில் முத்திரை குத்தி, அந்த நாட்டு வரியைத் திருப்பி வாங்குகிறார்கள். இறைச்சி விலையில்தான் பெரிய வித்தியாசம். காய்கறிக்காகப் போகாதீர்கள்.

போக முடியாதவர்கள் மிக்ரோஸ் கடையில் எம்-பட்ஜெட் என்ற பச்சைப் பொட்டலம், கூப்பில் பிரி கரான்டி, விலை குறைந்த இந்த இரண்டிலேயே வண்டியை ஓட்டலாம். கடை மூடும் நேரத்துக்கு முன்னால் போனால் 25, 50 சதவீதத் தள்ளுபடிச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். ஞாயிறு பெரும்பாலான கடைகள் பூட்டுத்தான், பெரிய ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும். தண்ணீருக்குக் காசு கொடுக்கவே கொடுக்காதீர்கள். தெருவில் ஓடும் நீரூற்றுத் தண்ணீரைப் பிடித்துக் குடிக்கலாம், குடிக்கக்கூடாத இடத்தில் பலகை வைத்திருப்பார்கள். இந்தியாவின் எலக்ட்ரிக் குக்கர் அதே 230 வோல்ட்டில் ஓடும், ஆனால் நம்முடைய தடித்த மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். இன்னொன்று...

செங்கோட்டை வண்டி

வேலந்தாவளம் சார், இண்டர்லாக்கனிலிருந்து பாசல் ரயிலில் இரண்டு மணி நேரம். பதினோரு நாள் பயணத்தில் ஒரு நாளைக் கோழிக்காகக் கொடுக்கச் சொல்கிறீர்களா? அவர் கேட்டது கொத்தமல்லி.

என் அனுபவம் சின்னது. ஞாயிறு மதியம் போய் இறங்கினோம், கிராமத்தில் ஒரு கடையும் இல்லை. பசிக்கு உணவகம். மூன்று பீட்சா, ஒரு சூப், குழாய்த் தண்ணீர் ஒரு ஜாடி, 90 பிராங்க் சொச்சம். ஜாடித் தண்ணீருக்கும் பில்லில் தனியாகக் காசு. மனைவி அந்தப் பில்லை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறாள், நான் எதற்காவது செலவு அதிகம் என்று சொன்னால் எடுத்துக் காட்டுவாள்.

வேலந்தாவளம் டூ பாசல்

ரயில் பாஸ் இருந்தால் பாசலுக்குத் தனிக்காசு இல்லையே சார். ஊரைச் சுற்றிப் பார்த்த மாதிரியும் ஆச்சு. நான் நாளைக் கொடுக்கச் சொல்லவில்லை, வழியில் வந்தால் என்றுதான்.

மூணாறு குளிர்

வழியில் வருமா? அவர்கள் ஜூரிக்கில் இறங்கியிருப்பார்கள். சரி விடுங்கள். நகரி சகோதரி, அந்தப் பொங்கலில் ஏலக்காய் போட்டீர்களா? மறையூர் வெல்லம் அரைக்கிலோ எடுத்துப் போனால் இந்தப் பாடே இல்லை. வெல்லத்துக்கு அங்கே தடை எதுவும் கேள்விப்பட்டதில்லை.

நகரி மருமகள்

போட்டோம். ஏலக்காயால் ஆனதெல்லாம் ஒன்றுமில்லை. முந்திரியும் வீணாய்ப்போச்சு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. கணக்கு கேட்டு இருவர் தனியாக எழுதியிருந்தீர்கள், இங்கேயே சொல்கிறேன். பதினோரு நாளுக்கு 440 திட்டம். கடைச் சாமான் 352 ஆனது. அதில் பாதிக்கு மேல் பால், தயிர், பழம், மகளுக்குப் பிடித்த சீஸ். ஒரு தடவை மட்டும் கோழி வாங்கினோம். இதுபோக 'இதர செலவு' 131, எல்லாம் காபி, ஐஸ்கிரீம், மழைக்கு ஒதுங்கிய இடத்தில் சூப். ஆகக் கணக்கு உதைத்தது அம்மாவின் சமையலறையில் இல்லை.

நகரி சகோதரி சொன்னது சரிதான், மாற்றிப் பார்த்திருக்கக் கூடாது. மாற்றிப் பார்த்தாலும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

நேற்று ராத்திரி இதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பருப்புக் கதைக்கும் பொங்கல் கதைக்கும் சிரித்தார். கருவாடு என்றதும் எத்தனை கிலோ வரை விடுவார்கள் என்று கேட்டார். கொத்தமல்லி வந்ததும் நான் வேகமாகப் படித்துத் தாண்டப் பார்த்தேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்:

"அது தொட்டியோடதான இருந்துச்சு கண்ணு. மண்ணும் வேரும் இருந்துச்சு. சன்னல்ல வெச்சுத் தண்ணி ஊத்தியிருந்தா பதினோரு நாளும் கிள்ளியிருக்கலாம்."