10 ஆட்டத்தில் 8 தோல்வி, ஆனாலும் சிறந்த வீரர் கோப்பையா?

காவேரிப்பட்டினம் குமார்:
என் அண்ணன் மகன் அமெரிக்காவில் சவுத் பெண்ட் பக்கம் படிக்கிறான். 1956-ல் அங்கிருக்கும் நோட்டர் டேம் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி 10 ஆட்டத்தில் 8 தோற்றதாம். நாட்டிலேயே சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை அந்த அணிப் பையனுக்கே கிடைத்ததாம். எங்க ஊர் கபடி டோர்னமெண்டில் முதல் ரவுண்டில் வெளியே போன டீமுக்கு இப்படிக் கொடுத்தால் கமிட்டிக்காரர்கள் வீடு போய்ச் சேர முடியுமா? நிஜமா, இல்லை ரீல் விடுகிறானா?

ஓசூர் மணி:
முதலில், அது நம்ம ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது.

பாலக்கோடு பி.டி. வாத்தியார்:
நிஜம்தான் தம்பி. பையன் பெயர் பால் ஹார்னங். ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம் என்று சீசனை முடித்த அணியிலிருந்து ஹைஸ்மன் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

லேசுப்பட்ட அணி இல்லை அது. பயிற்சியாளர் டெர்ரி பிரென்னன் 25 வயதில் பொறுப்புக்கு வந்தவர். முதல் வருஷம் 9 வெற்றி, 1 தோல்வி; அடுத்த வருஷம் 8 வெற்றி, 2 தோல்வி. மூன்றாம் வருஷம்தான் சரிந்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழக அணி இவர்கள் மைதானத்துக்கே வந்து 40-0 என்று அடித்துவிட்டுப் போனது. அயோவாவிடம் 48-8.

விருதுக்குக் காரணம் அன்றைய விதி. இப்போது தாக்க ஒரு கூட்டம், தடுக்க ஒரு கூட்டம் என்று மாற்றி மாற்றி இறக்குகிறார்கள். அப்போது ஆளை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, இறங்கியவனே இரண்டையும் ஆட வேண்டும். அந்த சீசனில் ஹார்னங் பந்தை எறிந்து முன்னேற்றியது 917 கஜம், கையில் பிடித்து ஓடியது 420 கஜம். இரண்டிலும் அணியில் அவனே முதல். உதைப்பதும் அவன், எதிராளியை மடக்குவதும் அவன். உங்க டோர்னமெண்டிலேயே ரெய்டும் போய் கேட்சும் போடுகிற ஒருத்தன் இருப்பானே, டீம் தோற்றாலும் கூட்டம் அவன் பேரைத்தானே சொல்லும்?

ஆனால் நோட்டர் டேம் என்ற பெயருக்கும் பாதி பங்கு உண்டு என்பேன். விருதுக்கான ஓட்டெடுப்பில் ஹார்னங்குக்கு 1066 புள்ளி. இரண்டாவது வந்த டென்னசி பல்கலைக்கழக வீரர் ஜானி மேஜர்ஸுக்கு 994. அவர் அணி வழக்கமான சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை!

ஊத்தங்கரை செல்வி:
சார், சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜிம் பிரவுனை விட்டுவிட்டீர்களே. அவருக்கு ஐந்தாவது இடம்தான் கொடுத்தார்கள். கறுப்பின வீரர் ஒருவர் முதன்முதலில் ஹைஸ்மன் வாங்கியதே 1961-ல்தான். எர்னி டேவிஸ், அதே சிராக்யூஸ். இதை விதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பாலக்கோடு பி.டி. வாத்தியார்:
சரிதாம்மா. எனக்கு ஓட்டு இருந்தால் பிரவுனுக்குத்தான்.

காவேரிப்பட்டினம் குமார்:
நன்றி சார். அடுத்த வருஷம் என்ன ஆச்சு?

பாலக்கோடு பி.டி. வாத்தியார்:
ஹார்னங் கிரீன் பே அணிக்குத் தொழில்முறை ஆட்டக்காரராகப் போய்விட்டார். அவர் இல்லாமலே நோட்டர் டேம் 1957-ல் ஓக்லஹோமா மண்ணுக்குப் போய் 7-0 என்று ஜெயித்தது. அதுவரை ஓக்லஹோமா தொடர்ந்து 47 ஆட்டம் ஜெயித்திருந்தது. அப்படியும் 1958 டிசம்பரில் பிரென்னனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.