வன்னியில ஆர் ஆர் இருக்கினம்? படிவத்துக்கு வெளியில கண்டதும் கேட்டதும்

வட்டக்கச்சி ஆசிரியர்:

2012 குடிசன மதிப்பீட்டுக்கு வீடு வீடாய்ப் போன ஆசிரியர்களில நானும் ஒருத்தன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கமெல்லாம் சேர்ந்த வன்னிக்கு அது சும்மா ஒரு கணக்கெடுப்பு இல்லை. 1981க்குப் பிறகு நாடு முழுக்க எண்ணினது அப்பதான். 1991இல கணக்கெடுப்பே நடக்கேல்லை. 2001இல நடந்தது, ஆனால் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வரேல்லை.

கிளிநொச்சியில 1981இல கிட்டத்தட்ட 92,000 பேர். 2012இல 1,13,000 அளவில. முல்லைத்தீவில 77,000 இருந்தது 92,000 அளவுக்கு வந்தது. முப்பது வருசத்தில மெல்ல வளர்ந்த இரண்டு மாவட்டம் எண்டுதான் வாசிக்கிறவருக்குத் தோன்றும். ஆனால் அதுக்குள்ள 1983 கலவரத்தில தெற்கிலயும் மலையகத்திலயும் இருந்து ஓடிவந்த சனம் இருக்கு. 1990 ஒக்ரோபரில விடுதலைப் புலிகள் வெளியேற்றின முஸ்லிம்கள் இருக்கினம். 1995 கடைசியில வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, தென்மராட்சி தாண்டி இங்க வந்த யாழ்ப்பாணத்துச் சனம் இருக்கு. 1996இல கிளிநொச்சி ஆமியிட்ட விழ, மல்லாவியும் ஸ்கந்தபுரமும் பட்டினமாய் மாறினது இருக்கு. கடைசியில சண்டை முடிஞ்ச 2009. அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில வந்தவை எத்தனை, போனவை எத்தனை, செத்தவை எத்தனை எண்டு எந்த அட்டவணையும் சொல்லாது.

நான் எழுத வந்தது ஒரு வீட்டைப் பற்றி. கிளிநொச்சிக்குத் தெற்குப் பக்கம், மலையகத்தில இருந்து வந்த சனம், அதாவது முந்தி இந்தியாவில இருந்து தோட்டவேலைக்கு வந்த ஆக்களின்ர பரம்பரை, கூடுதலாய் இருக்கிற குடியிருப்பு. தறப்பாளும் தகரமுமாய் வீடு, முத்தத்தில மரவள்ளி. பேரன் பதில் சொல்லிக்கொண்டு இருந்தான். "இனம்?" எண்டு கேட்டன். "இலங்கைத் தமிழர்" எண்டான். உள்ளுக்குப் பாயில படுத்திருந்த அம்மம்மா எழும்பி வந்து நிலையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவ: "ஐயா, இந்தியான்னு எழுதிப்புட்டா மறுபடி கப்பலேத்திருவாங்களா?"

அவவின்ர அண்ணன் குடும்பத்தைத் தலைமன்னாரில கப்பல் ஏத்தி விட்டவை. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புறது எண்டு இரண்டு அரசாங்கமும் தலைகளைப் பிரிச்சதில அந்தக் குடும்பமும் போயிற்று. அதுக்கு முதலே 1948 பிரசாவுரிமைச் சட்டத்தால இவையள் நாடில்லாத சனம். இவவும் புருசனும் 1977 கலவரத்தில தோட்டத்து லயத்து வீட்டை எரிச்ச பிறகு, பிள்ளையளோட லொறியில வவுனியா வந்து, அங்கயிருந்து இங்க வந்தவை. நாங்கள் அனுப்பிறதுக்காக எழுதேல்லை, நீங்கள் எதைச் சொல்லுறியளோ அதைத்தான் எழுதுவன் எண்டு விளங்கப்படுத்தினன். "அப்ப இலங்கைன்னே போடுங்க. நான் பொறந்ததும் இங்கிட்டு, எங்கம்மா பொறந்ததும் இங்கிட்டு."

பிறகு முடிவுகள் வந்த நேரம் வவுனியா மாவட்டத்துப் பக்கத்தைப் பார்த்தன். 1981இல அங்க ஐந்தில ஒரு பங்குக்குக் கிட்ட "இந்தியத் தமிழர்". 2012இல நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. மன்னாரிலயும் அதே மாதிரித்தான். கப்பலில போனவை கொஞ்சப் பேர், 1983க்குப் பிறகு படகில போனவை இன்னும் கொஞ்சப் பேர், உண்மைதான். ஆனால் பெரும்பகுதி எங்கயும் போகேல்லை. செட்டிகுளத்திலயும் நெடுங்கேணியிலயும் கிளிநொச்சியிலயும் அதே குடிசையிலதான் இருக்கினம். படிவத்தில வேற கூட்டுக்குள்ள போயிற்றினம், அவ்வளவுதான்.

இதைக் கண்டு "எல்லாரும் ஒன்றாகியிட்டம்" எண்டு சந்தோசப்படுற ஆக்களோட எனக்குக் கோபம் வரும். வயல் அரிவி வெட்டுக்கு அவை வேணும். வாய்க்கால் காணியில பங்கு வேண்டாம். இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயிற காணி ஆரின்ர பேரில இருக்கு, மேட்டுக்காணியில பேமிற் (அரசாங்கம் தாற காணி அனுமதிப் பத்திரம்) இல்லாமல் நாற்பது வருசமாய் இருக்கிறவை ஆர் எண்டு ஒருக்கால் போய்ப் பாருங்கோ. கலியாணப் பேச்சில "அவை தோட்டத்து ஆக்கள்" எண்டு காதுக்குள்ள சொல்லுறதை நான் என்ர வீட்டிலயே கேட்டிருக்கிறன்.

உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ. கட்சி வேண்டாம், கண்ட ஆளையும் கேட்ட கதையையும் எழுதுங்கோ.

விசுவமடு மகன்:

ஆசிரியர் ஐயா, எங்கட அப்பா படிச்ச பெடியளுக்கு அரசாங்கம் காணி குடுத்த படித்த வாலிபர் திட்டத்தில யாழ்ப்பாணத்தில இருந்து வந்தவர். விசுவமடு, முத்தையன்கட்டு எல்லாம் அப்படி வந்த பெடியள் காடு வெட்டின இடங்கள். 1970க்குப் பிறகு சிறிமா அரசாங்கம் வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் மறிச்ச காலத்தில செத்தல் மிளகாயில காசு கொட்டினது. 1977இல இறக்குமதியைத் திறந்துவிட விலை விழுந்தது. அந்த மிளகாய்க் கண்டுகளுக்குத் தண்ணி மாறினதும் பழம் ஆய்ஞ்சதும் பெரும்பாலும் மலையகத்துச் சனம்.

2009இல மெனிக் பாம் அகதி முகாமில தண்ணி வரிசையில நிக்கேக்க ஒரு கிழவர் அப்பாவைப் பார்த்து "முதலாளி" எண்டார். எங்கட தோட்டத்தில வேலை செய்தவர். இரண்டு பேருக்கும் ஒரே அளவுக் கூடாரம், ஒரே அளவு மா. அவர்தான் அப்பாவுக்கு மழைத்தண்ணி உள்ள வராமல் கூடாரத்தைச் சுற்றிக் கான் வெட்டித் தந்தவர். அப்பா அங்க வைச்சு "இனி முதலாளி எண்டு கூப்பிடாதை" எண்டவர். திரும்பி வந்த பிறகு வீட்டுத்திட்டம் வந்தது. எங்களிட்டப் பேமிற் இருந்தது, வீடு கிடைச்சது. அவரிட்டக் காணிக் கடுதாசி ஒன்றும் இல்லை, பேர் பட்டியலிலயே வரேல்லை. அப்பா அவருக்காகக் கந்தோர் கந்தோராய் அலைஞ்சு கடைசியில தன்ர காணியில ஒரு துண்டை எழுதிக் குடுக்கப் பார்த்தவர். பேமிற் காணியைப் பிரிக்கிறதுக்கு விடேல்லை.

தண்ணீரூற்று:

நான் முல்லைத்தீவு தண்ணீரூற்று ஆள். இப்ப புத்தளத்தில இருக்கன். எங்கட ஊரும் ஹிஜ்ராபுரம், நீராவிப்பிட்டியும் 1990இல வெறுமையாப் போச்சு. அப்ப நான் சின்னப் புள்ள. உம்மா அடுப்புல வச்ச சோத்தை இறக்காம வந்ததைத்தான் இண்டைக்கும் சொல்லுவா.

சண்டை முடிஞ்சு வாப்பாவோட ஊருக்குப் போனன். கூரை இல்லாத வீடு, உள்ளுக்குப் பாலை மரம் முளைச்சு வளர்ந்திருந்திச்சு. முள்ளியவளைப் பக்கத்துல வாப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா எங்களைக் கண்டுட்டு ஓடி வந்தாங்க. "நானா, நீங்கள் போன பிறகு நாங்களும் இந்த மண்ணில இருக்கேல்லை" எண்டு சொன்னாங்க. கடைசிச் சண்டையில மாத்தளன்ல மகனை இழந்தவங்க. வாப்பா ஆறுதல் சொல்லப் போனாரு, அவங்க வாப்பாக்கு ஆறுதல் சொன்னாங்க. இத நான் மறக்க மாட்டன். அதே கிழமை, காணி துப்பரவாக்குற இடத்துல ஒரு இளந்தாரி வந்து, "புத்தளத்தில வீடு வைச்சிருக்கிறியள், இங்க என்னத்துக்கு?" எண்டு கேட்டதையும் மறக்க மாட்டன்.

கணக்கெடுப்புல எங்களை எண்ணினது புத்தளத்துல. முல்லைத்தீவுல 2012இல முஸ்லிம்கள் நூத்துக்கு இரண்டு பேர்தான். எங்கட பேர் அங்க இல்லாததால பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் இல்ல, ரோட்டு இல்ல. பள்ளிக்கூடம் இல்லாததால புள்ளைகளோட யாரும் திரும்பிப் போறாங்க இல்ல. என்ட தம்பி மட்டும் போய்க் கடை போட்டிருக்கான். என்ட புள்ளைகள் புத்தளத்துல பொறந்தவங்க, தண்ணீரூற்றை "வாப்பாட ஊர்" எண்டுதான் சொல்றாங்க. எனக்கு அது வலிக்குது.

ரொறன்ரோவில் ஒரு முள்ளியவளை:

தண்ணீரூற்றுச் சகோதரம், உங்கட ஆக்கள் இல்லாத சந்தை எனக்கு நினைவில இருக்கு. நாங்கள் அதைப் பற்றி வீட்டில கதைக்காமல் வளர்ந்தம். அது சரியில்லை.

நான் சொல்ல நினைச்சது போன ஆக்களைப் பற்றி. எங்கட பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் ஒன்றுகூடல் இப்ப ஊரைவிட இங்கதான் பெரிசாய் நடக்குது. வாக்காளர் இடாப்பை வைச்சுத்தான் நாடாளுமன்ற ஆசனம் பிரிக்கிறது. யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்த யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல 9 ஆசனம், 2015இல 7, 2024இல 6. இங்க ஒன்றுகூடலில ஒரு அண்ணை மேடையில ஏறி, எங்கட பிரதிநிதித்துவம் குறையுது எண்டு அரசாங்கத்தைத் திட்டினார். கீழ இருந்த ஒரு அக்கா எழும்பி, "நாங்கள் இவ்வளவு பேரும் இங்க இருந்தால் அங்க ஆர் வோட்டுப் போடுறது?" எண்டு கேட்டவ. அவவுக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை.

கொக்குத்தொடுவாய் மகள்:

எங்கட ஊரை 1984 டிசெம்பரில ஆமி வெளிக்கிடச் சொன்னது. கொக்கிளாய், கருநாட்டுக்கேணி எல்லாம் அதோட காலி. நான் பிறந்ததே இடம்பெயர்ந்த வீட்டில. 2009க்குப் பிறகு மீள்குடியேறினம். வளவு கிடைச்சது, வயல் கிடைக்கேல்லை. அம்மப்பா விதைச்ச வயலில வேற ஆக்கள் விதைக்கினம். எங்கட பக்கத்து மணலாறு 1988இல வெலிஓயா எண்டு சிங்களப் பேராய் மாறினதும், அதை மகாவலி ஆற்றுக் குடியேற்றத் திட்டத்தின்ர எல் வலயம் எண்டு அறிவிச்சதும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. 2012இல முல்லைத்தீவில சிங்களவர் பத்தில ஒரு பங்குக்குக் கிட்ட வந்திட்டினம்.

ஆசிரியர் ஐயா சொன்ன சனத்துக்கும் இந்த மண்ணில ஒரு கதை இருக்கு. 1977க்குப் பிறகு கென்ற் பாம், டொலர் பாம் எண்ட இரண்டு பண்ணையிலயும் காந்தீயம் எண்ட தொண்டு அமைப்பு மலையகக் குடும்பங்களைத்தான் குடியேற்றினது. 1984இல அரசாங்கம் அவையைக் கலைச்சுப்போட்டுச் சிங்களக் கைதிகளைக் குடும்பத்தோட கொண்டுவந்து இருத்தினது. அந்த நவம்பரில புலிகள் போய் அந்தச் சிங்களக் குடும்பங்களைச் சுட்டவை, பெண்களும் பிள்ளையளும் செத்தவை.

ஆஸ்பத்திரிக் கிளினிக்கில ஒரு சிங்களப் பெண்ணோட பக்கத்தில இருந்து பேச வேண்டி வந்தது. எனக்குக் கொஞ்சம் சிங்களம், அவவுக்குக் கொஞ்சம் தமிழ். ஊர் கேட்டன். வெலிஓயாப் பக்கம். சின்னப் பிள்ளையாய்த் தகப்பனோட வந்தவவாம், தெற்கில அவைக்குத் துண்டுக் காணியும் இல்லையாம். தம்பி சண்டைக்குள்ள செத்தவராம். என்ர ஊர் கேட்டவ. சொன்னன். அவவுக்கு விளங்கிற்றுது. கொஞ்ச நேரம் பொறுத்து, "அப்ப உங்கட வயல்?" எண்டு கேட்டவ. "அங்கதான், உங்கட பக்கத்தில" எண்டன். அவ எழும்பி வேற கதிரைக்குப் போகேல்லை, நானும் போகேல்லை. அவவில எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வயல் எங்களுக்கு வேணும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எங்கட பக்கத்திலயே சில ஆக்களுக்குப் பிடிக்காது, சொல்லத்தான் வேணும்.

பாரதிபுரம் பிள்ளை:

முதல் பதிவில வந்த அம்மம்மா மாதிரித்தான் எங்கட அப்பாயியும். நான் கிளிநொச்சியில பிறந்து வளர்ந்தனான், வீட்டில ஒரு தமிழ், றோட்டில ஒரு தமிழ் கதைப்பன்.

2023இல மலையக மக்கள் வந்து 200 வருசம் எண்டு தலைமன்னாரில இருந்து மாத்தளைக்கு நடந்தவை. மன்னார்ப் பக்கத்தில நானும் கொஞ்சத் தூரம் சேர்ந்து நடந்தன். வெயில் தாங்கேலாது. கோப்பிக் காலத்தில கப்பலால இறங்கின சனம் இந்தக் காட்டுக்குள்ளாலதான் மாத்தளைக்குக் கால்நடையாய்ப் போனது, வழியில காய்ச்சலிலயும் தாகத்திலயும் விழுந்து செத்தவை எத்தனையோ பேர். எங்களை "பிறகு வந்த ஆக்கள்" எண்டு சொல்லுறவைக்கு இதைச் சொல்ல வேணும். விசுவமடுவில காடு வெட்டுறதுக்கு நூறு வருசத்துக்கு முதலே எங்கட ஆக்களின்ர எலும்பு வன்னி மண்ணில இருக்கு.

2024 கணக்கெடுப்புக்கு வந்த அக்கா ரப்லெற்றோட வந்தவ. இந்தியத் தமிழர் எண்ட இடத்தில மலையகத் தமிழர் எண்ட பேரும் இருந்தது. அண்ணா தனக்கு இலங்கைத் தமிழர் எண்டு போடச் சொன்னார். நான் மலையகத் தமிழர் எண்டு போடச் சொன்னன். ஒரு வீடு, ஒரு தாய் தகப்பன், இரண்டு இனம். அந்த அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தவ. அண்ணாவுக்குக் காரணம் இருக்கு. அவர் பள்ளிக்கூடத்தில வாங்கின பேச்சு எனக்குத் தெரியும். அப்பாயி மட்டும், "எதுக்கு வம்பு, பெயரை வெட்டிப்புடப் போறானுக" எண்டு பயந்து அழுதவ. ஐயா, அவவின்ர பயத்துக்கு என்ன சொல்லுறது? காணிக்கும் இதால பிரச்சினை வருமோ?

வட்டக்கச்சி ஆசிரியர்:

பிள்ளை, நீ செய்தது சரி. அண்ணாவும் தனக்குச் சரியெண்டு பட்டதைத்தான் சொல்லியிருக்கிறார்.

அப்பாயிக்கு இதை வாசிச்சுக் காட்டு: 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி, 1964 ஒக்ரோபர் 30இல இருந்து இலங்கையில நிரந்தரமாய் இருக்கிற இந்திய வம்சாவளி ஆக்களும் அவையின்ர பிள்ளையள் பேரப்பிள்ளையளும் இந்த நாட்டுப் பிரசைகள். கணக்கெடுப்பில எந்தப் பேரைச் சொன்னாலும் அது மாறாது. ஒருத்தரும் கப்பல் ஏத்தேலாது.

காணிக்கும் படிவத்தில சொன்ன இனத்துக்கும் தொடர்பில்லை. பேமிற்றுக்கு வேண்டியது எவ்வளவு காலமாய் அதில இருக்கிறியள் எண்ட அத்தாட்சி. பழைய வாக்காளர் இடாப்பில உங்கட வீட்டுப் பேர் வந்த பக்கங்கள், அப்பாவும் நீங்களும் படிச்ச பள்ளிக்கூடச் சேர்வுப் பதிவு, பழைய நிவாரண அட்டை, மெனிக் பாமில தந்த துண்டு, எது இருந்தாலும் எடுத்து வை. எரிஞ்சு போனதுக்குக் கிராம அலுவலரிட்டக் கடிதம் கேள். பிரதேச செயலகத்தில காணி நடமாடும் சேவை வைக்கிற நாளை விசாரி, நானும் வாறன். விசுவமடுத் தம்பி, அந்தக் கிழவர் இன்னும் இருக்கிறாரெண்டால் அவரையும் கூட்டிக்கொண்டு வாரும்.